பாகூர் பஸ்ஸா, வில்லியனூர் பஸ்ஸா: ஓர் அடிவயிற்று வலியின் பயணம்

இந்த வலைப்பதிவில் நான் எழுதிய பயணங்களிலேயே தூரம் குறைந்தது இதுதான். வில்லியனூரிலிருந்து புதுச்சேரி டவுனுக்கு, ஆறு மைல். போனது 1958 தை மாதம். போன வாரம் ஒரு வாசகி, அடிவயிற்று வலிக்கு எந்த டாக்டரைப் பார்ப்பது என்று கேட்டிருந்தார். அதனால் எழுதுகிறேன்.

பையன் பிறந்ததிலிருந்தே எனக்கு அடிவயிற்றில் வலி. அவன் நடக்கத் தொடங்கியும் நிற்கவில்லை. அடிக்கடி காய்ச்சல், இடுப்புக் கடுப்பு, வாடையோடு வெள்ளைப்படுதல். இதையெல்லாம் ஆண்களிடம் சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. டாக்டரிடமும் பெண்டாட்டிக்குப் பதிலாகப் புருஷன் பேசுவதுதான் மரியாதை. மில்லில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் இரண்டு டாக்டர்களிடம் கூட்டிப்போய், "சாப்பாடு ஒத்துக்கல சார், வயித்து வலி" என்றார். இரண்டு பேரும் செரிமானத்துக்கு மருந்து கொடுத்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வேலைக்குப் பயந்து நடிக்கிறேன் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார்.

இந்த மூன்றாவது பயணத்தில் மாமியார் என் புடவைகளை ஒரு துணிப்பையில் போட்டு என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினார். இந்த டாக்டரும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், அப்படியே பாகூர் பஸ் ஏறி என்னை அம்மா வீட்டில் விட்டுவிட வேண்டியது. பையன் மாமியாரிடமே இருப்பான்.

காலை ஏழு மணி பஸ். பெரிய மார்க்கெட் பக்கம் இறங்கி நடந்தோம். மீன் கூடைகளுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் நடுவில் வாங்கிய ஒவ்வொரு இடியும் அடிவயிற்றில் போய் விழுந்தது. ஆஸ்பத்திரியில் அவர் சீட்டு வாங்க வரிசையில் நின்றார். எதிர்த் தாழ்வாரத்து பெஞ்சில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். பாதிப் பேர் என்னைப் போலவே தொப்புளுக்குக் கீழே கையை வைத்துக் குனிந்திருந்தார்கள். யாரையும் கேட்காமல் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தேடிக்கொண்டு வந்தார். "இன்னா, இங்க வந்து குந்திக்கினு இருக்க? இது புள்ள பெத்தவங்க எடம்."

"நானும் பெத்தவதான்" என்றேன்.

அதற்குள் ஒரு நர்ஸ் அவர் கையிலிருந்த சீட்டை வாங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளே இருந்தது பிரெஞ்சு படித்த ஒரு தமிழ் டாக்டரம்மா. என் வீட்டுக்காரரும் கூடவே நுழைந்து, "சாப்பாடு ஒத்துக்கல..." என்று ஆரம்பித்தார்.

"மெசியே, வலி உங்களுக்கா?" என்று பிரெஞ்சு மரியாதையோடு கேட்டார் டாக்டரம்மா.

"இல்லீங்க, அவளுக்கு."

"அப்ப நீங்க வெளிய உக்காருங்க."

கதவைச் சாத்தியதும் எல்லாவற்றையும் கொட்டினேன். வீட்டுக்காரரோடு சேரும்போது வலிப்பதையும் சொன்னேன். டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். பிரசவத்தின்போது கிருமி புகுந்து கர்ப்பப்பையில் அழற்சியாம். "வயித்துக்கு மருந்து சாப்ட்டா இது எப்படிம்மா போவும்?" என்றார். பிறகு அவரை உள்ளே கூப்பிட்டு, வில்லியனூரிலேயே பென்சிலின் ஊசி போடச் சீட்டு எழுதிக் கொடுத்தார். குணமாகும்வரை சேரக்கூடாது என்று நேராகவே சொன்னார். வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போய்விட்டது.

திரும்பும்போது பாகூர் பஸ்தான் முதலில் வந்தது. அவர் துணிப்பையைக் கையில் பிடித்தபடி, அந்த பஸ் கிளம்பும்வரை தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குக் கோபம்தான். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. அடுத்து வந்த வில்லியனூர் பஸ்ஸில் ஏறினோம்.

இப்போது போகிறவர்களுக்கு டவுனுக்குப் பக்கத்தில் கோரிமேட்டிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நுழையலாம். காலையிலேயே போய்விடுங்கள். அடிவயிற்று வலியோடு காய்ச்சலோ வாடையுள்ள வெள்ளைப்படுதலோ மாதவிலக்குக்கு இடையில் ரத்தமோ இருந்தால், பெண்கள் நோய்ப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். வலி தாங்க முடியாமல் போனால் நாள் பார்க்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்பார்கள், நினைவில் இருக்கட்டும். துணைக்கு ஆள் வரலாம், தப்பில்லை.

ஊசியெல்லாம் போட்டு முடித்து மறுபடி காட்டப் போனபோது எங்கள் கையில் பை இல்லை. என் பெயரைக் கூப்பிட்டதும் அவரும் எழுந்தார். கதவுவரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"நீயே போய் சொல்லு" என்றார். "நான் இங்கதான் இருக்கேன்."