ஹஸீனாவின் ஊக்கும் நஞ்சப்பனின் எடை மேடையும்

கோவிந்தாபுரத்தில் பஞ்சர் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது ஹஸீனாவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. உத்தரத்திலிருந்து வயர்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். "புள்ளே, இது கடையா, இடியாப்பத் தட்டா?" என்று கேட்காமல் மச்சான் மொய்துவுக்குப் பொழுது விடியாது.

மொய்து, ஷார்ஜாவில் இருக்கும் அவள் கணவன் ஜாஸிமின் அண்ணன். கடை அறை மொய்துவின் பெயரில் இருந்தது. அந்த இடத்தில் ஷவர்மா கம்பி சுழல்வதைக் கண்ணாரக் கண்டுவிட்டால் போதும், நிம்மதியாகக் கண் மூடுவார்.

ஹஸீனா இந்தத் தொழிலுக்கு வந்ததே மொய்துவால்தான். கல்யாணமான புதிதில் அவருடைய மளிகைக் கடை பில் மெஷின் முரண்டு பிடித்தது. மொய்து அடித்தார், வைதார், ஓதி ஊதினார். மருதாணி மங்காத கையால் கேபிளைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் செருகினாள் புதுப்பெண். மெஷின் கரகரவென்று காகிதத்தைத் துப்பியது. அந்தக் கணத்தில் அவள் நெஞ்சில் பூத்தது காதல் என்றால் ஜாஸிம் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவன்மேல் பிரியம் வந்தது அதற்கும் பிறகுதான்.

சென்ற வாரம் அவள் வாழ்வில் புயல் வீசியது. தென்னந்தோப்புக்காரர் நஞ்சப்பனின் எடை மேடை படுத்துவிட்டது. லாரி ஏறினால் எடை காட்டும் பெட்டியில் எண் தெரிகிறது. கம்ப்யூட்டரிலோ வெறும் பூஜ்யம். சீட்டு அடிக்க முடியாமல் தேங்காய் லோடெல்லாம் வேறு மேடைக்குப் போயின. பொள்ளாச்சியிலிருந்து வந்த இரண்டு மெக்கானிக்குகளும் கையை விரித்துவிட, நஞ்சப்பன் ஹஸீனாவைக் கூப்பிட்டார்.

"இதைச் சரி பண்ணிட்டா அந்த ரூம் ஆயுசுக்கும் உனக்கு. இல்லேன்னா வெள்ளிக்கிழமை ஷவர்மா அடுப்பு எறங்குது," என்றார் மொய்து. சொன்னதோடு நிற்காமல், அவள் தோற்பதைப் பார்க்க எடை மேடை வரைக்கும் பின்னாலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ஆயுத பூஜைக்கு நஞ்சப்பன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். எடைப் பெட்டியிலிருந்து வரும் பழைய ஒன்பது ஊசி கேபிளுக்கு அதில் இடமில்லை. முன்னால் வந்தவர்கள் அந்தக் கேபிளைச் செருக உள்ளே ஒரு கார்டு மாட்டியிருந்தார்கள்.

"கார்டுதாண்ணா குத்தம்," என்று திறந்து பார்க்காமலே தீர்ப்பு எழுதினாள் ஹஸீனா. தான் கொண்டுவந்த கார்டை மாட்டினாள். திரையில் பூஜ்யம். டிரைவரை மறுபடி ஏற்றினாள். பூஜ்யம்.

"நஞ்சப்பண்ணே, இந்தப் பக்கம் நல்ல மயோனைஸ் எங்க கெடைக்கும்?" என்றார் மொய்து.

ஹஸீனாவின் கண்ணில் நீர் முட்டியது. அழுதால் திரை தெரியாதே என்று அடக்கிக்கொண்டாள். தலைத்துணியிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். கார்டில் எழுத்தை வாங்கும் இரண்டாவது ஊசியையும் அனுப்பும் மூன்றாவதையும் அதனால் சேர்த்துப் பிடித்தபடி, மறு கையால் தட்டச்சினாள். போன எழுத்து அப்படியே திரும்பி வந்தது. கார்டு பத்தினி. அப்படியானால் கள்ளன் கேபிள், இல்லை பெட்டி.

கேபிளின் மறுமுனை பெட்டிக்குப் பின்னால். பெட்டியின் மேல் பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலை, சருகாகியும் இறங்காமல் கிடந்தது.

"அதத் தொடாத அம்மிணி!" அலறினாள் நஞ்சப்பனின் மனைவி பொன்னாத்தாள். "மாலை தானா உளுகோணும். வந்த ரெண்டு பேரையும் நாந் தொட உடலியே!"

"நான் தொடலைக்கா. நீங்களே தூக்கிப் புடிங்க."

பொன்னாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு மாலையைத் தூக்கினாள். ஹஸீனா கேபிளைப் பிடுங்கினாள். ஊசி முனையெல்லாம் மஞ்சளாய் இருந்தது. முகர்ந்தாள். கமகமவென்று மணந்தது.

"அக்கா, இதுக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"வெக்காம? பூசைக்குத் தொடைக்கறப்ப வயரெல்லாங் கழட்டி வெச்சிருந்தாங்க. ஒரு ஓட்டை உடாம சந்தனம் அப்புனேன்."

"அத்தனையும் உள்ள போயிக் காஞ்சிருச்சு. எழுத்து எப்படி வெளிய வரும்?"

"அப்ப சாமி சந்தனத்தை ஊக்குல நோண்டுவியா?"

சாமி விஷயத்தில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் ஊரே கூடிவிடும். ஹஸீனா கரண்டை அணைத்துவிட்டு, ஊக்கைப் பொன்னாத்தாளிடம் நீட்டினாள். "நீங்களே எடுங்கக்கா. நான் டார்ச் அடிக்கறேன்."

பொன்னாத்தாள் ஓட்டைக்கு ஒரு மன்னிப்பாய்ச் சரஸ்வதியிடம் கேட்டுக்கொண்டே குத்திக் குத்தி எடுத்தாள். ஹஸீனா ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஈரம் காய்ந்ததும் கேபிளைச் செருகி, கரண்டைப் போட்டாள்.

சோதித்துப் பார்க்க மேடையில் லாரி இல்லை. எல்லோரும் மொய்துவைப் பார்த்தார்கள்.

"நானா? நான் எண்பது கிலோவுக்கு மேல போனதே இல்லை," என்று எழுந்து போய் ஏறினார்.

திரையில் நூற்று இருபது.

"தப்பு! மிஷின் பொய் சொல்லுது! சரியாகலை!" என்று மேடையில் நின்றபடியே கத்தினார் மொய்து.

ஹஸீனா திரையை மறுபடி பார்த்தாள். போச்சு, ஷவர்மா.

நஞ்சப்பனுக்கு மூக்கு சிவந்தது. "ஏனுங்க பாய், ஏம்மேடை பொய் சொல்லுதுங்களா? இருங்க." கிட்டங்கியிலிருந்து நாலு ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையைக் கொண்டுவந்து போட்டார். திரையில் இருநூறு. மூட்டைகளை இறக்கினார். "இப்ப நீங்க ஏறுங்க."

மறுபடியும் நூற்று இருபது.

"பத்துப் பத்தாத்தான் காட்டும் மச்சான்," என்றாள் ஹஸீனா ஆறுதலாக. "அஞ்சு கிலோ முன்னப் பின்ன இருக்கலாம்."

மொய்து இறங்கினார். மேடையும் நிம்மதியாகப் பூஜ்யத்துக்கு வந்தது. "ரூமை நீயே வெச்சுக்க," என்று வாசலைப் பார்த்துச் சொன்னார். "ஜாஸிம்கிட்ட எடையை மட்டும் சொல்லிறாத."

பொன்னாத்தாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். "அப்பறம் பொட்டு எங்கதான் வெக்கட்டும் அம்மிணி?"

"ஓட்டையில்லாத எடமாப் பாத்து வெய்யிங்கக்கா."

பொன்னாத்தாள் சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு ஹஸீனாவின் ஸ்குரூடிரைவர் பெட்டி மூடியில் பெரிதாக ஒன்று வைத்தாள். ஹஸீனா அதைத் துடைக்கவில்லை. ஊக்கைத்தான் தேடிக்கொண்டிருந்தாள், தலைத்துணி காற்றில் பறந்தது.