வெள்ளிக்கிழமை போட்ட மிக்ஸ்

இப்பதான் ஆம்பூர் பிரௌசிங் சென்டர்ல என் மிக்ஸுக்கு வந்த கமெண்ட் பார்த்துட்டு வந்தேன்.

வீட்ல ரெண்டு சிடி பிளேயரும் ஒரு மைக்கும் வச்சு நான் போடுற டிரான்ஸ் டான்ஸ் மியூசிக் மிக்ஸை, நெட்ல விடாம கேக்குறவர் ஒரு ஜெர்மன்காரர்.

முந்தின மிக்ஸ்ல பக்கத்து டேனரியில தோலைப் போட்டு பதப்படுத்த சுத்துற பெரிய மர டிரம் சத்தம் விழுந்துடுச்சு. பேஜாராகி, டேனரி லீவு விடுற வெள்ளிக்கிழமையா பார்த்து அடுத்ததை ரெக்கார்ட் பண்ணேன். அவ்ளோ சுத்தமா வந்துச்சு.

அவர் எழுதியிருக்கார்: "இதை யார் வேணா போடலாம். முந்தினதுல அடியில மெதுவா ஏதோ உருண்டுச்சே, அதுதான் நீங்க. அதை எங்க டான்ஸ் ஹால்ல போட்டேன். நாப்பது பேர் கண்ணை மூடிக்கிட்டு ஆடினாங்க."

பக்கத்துல இருந்த தோஸ்த் இம்தியாஸ்கிட்ட காட்டினேன். அவனுக்கு அந்த டேனரியிலதான் வேலை.

"இன்னாடா, நான் தோல் சுத்துறதுக்கா வெள்ளைக்காரன் ஆடுறான்?"

ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆனா வீடு வர்ற வரைக்கும் அந்த நாப்பது பேர்தான் மனசுல. என் மிக்ஸுக்கு ஒருத்தர் ஆடி நான் இன்னும் கண்ணால பார்த்ததில்ல.

நாளைக்கு டிரம் ஓடும். ஜன்னலைத் தொறந்து வச்சு மிக்ஸ் போடப் போறேன். ஆம்பூர்ல ஆட யாராச்சும் வர்றீங்களா? ஒருத்தர் போதும்.

இம்தியாஸ் வர முடியாது. அவன்தான் டிரம் ஓட்டணும்.