ஆளுக்கொரு பை

எண்பதுகளின் கடைசியில் சிட்லபாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் தினமும் ரயிலேறிப் பாரிமுனைக்கு வேலைக்குப் போய்வந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவருடைய அலுவலக நண்பர்கள் சிலர் ஜவ்வாது மலையில் நடக்கப் போவதாக இருந்தார்கள். "நீயும் வாயேன்" என்றார். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் குழந்தை இல்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். மலையே தேவலை என்று சரி சொன்னேன்.

மலையேறுவதற்கென்று தாம்பரம் மார்க்கெட்டில் அப்போது எதுவும் கிடைக்காது. கடைசியில் பள்ளிப் பிள்ளைகள் பி.டி. வகுப்புக்குப் போடும் வெள்ளை கேன்வாஸ் ஷூவில் பெரிய சைஸாக ஒன்று கேட்டேன். "பொண்ணு எந்த ஸ்கூல் மேடம்?" என்றார் கடைக்காரர். காலை நீட்டிப் போட்டுப் பார்த்தேன்.

முதுகுப் பைகளை இரும்புலியூரில் ஆட்டோவுக்கு சீட் தைக்கும் கடையில் பச்சைத் தார்ப்பாய்த் துணியில் தைக்கக் கொடுத்தோம்.

"இன்னா சார், மிலிட்டரில சேரப் போறியா?"

"மலைக்குப் போறோம்."

"அக்காவுமா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். வாங்கப் போனபோது என் பை கணவர் பையில் பாதிதான் இருந்தது. நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் அது சரியென்றே எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அவர்தான் சாமான்களைப் பிரித்தார். தண்ணீர் கேன், ரொட்டி, புளிசாதப் பொட்டலங்கள், மண்ணெண்ணெய் அடுப்பு, பாத்திரம் என்று கனமானவை எல்லாம் அவர் பைக்குள் போயின. ஸ்வெட்டர்கள், மாற்றுத்துணி, மருந்து, டார்ச் லைட் என் பைக்கு வந்தன. இரண்டு போர்வைகளையும் சுருட்டி என் பையின்மேல் கட்டினார். டார்ச்சிலிருந்து செல்களை மட்டும் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். "பைக்குள்ள ஸ்விட்ச் அமுங்கி தானா எரிஞ்சு தீந்துடும்" என்றார். என் பையைத் தூக்கிப் பார்த்தேன். தலையணை மாதிரி இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானத்துக்குமேல் அடிவாரத்திலிருந்து ஏறினோம். ஓர் ஓடையைத் தாண்டியதும் என் குதிகாலை ஷூ உரித்துவிட்டது. பஞ்சு வைக்க உட்கார்ந்தேன். "நீங்க போங்க, வந்துடறேன்" என்றேன். கணவரும் நண்பர்களும் பிரமோஷன் விவகாரம் பேசிக்கொண்டே நடந்தார்கள். நான் எழுந்து கொஞ்ச தூரம் போனதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. அகலமாக இருந்ததில் போனேன். வெகு நேரம் நடந்தும் பேச்சுக்குரல் கேட்கவில்லை. பனி இறங்கியது, தூறலும் சேர்ந்துகொண்டது. கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. இதற்குமேல் நடந்தால் இன்னும் தொலைந்துபோவேன் என்று ஒரு பாறைச் சரிவின் அடியில் உட்கார்ந்துவிட்டேன்.

என்னிடம் இரண்டு ஸ்வெட்டர், இரண்டு போர்வை. எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டேன். குளிரே தெரியவில்லை. ஆனால் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. தூறலில் கையை நீட்டி, ஈரத்தை உதட்டில் தடவிக்கொண்டேன். வெளிச்சம் குறைந்தபோது டார்ச்சை எடுத்து அமுக்கினேன். அமுக்கிய பிறகுதான் செல் நினைவு வந்தது. அழவில்லை. கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

அதற்குள் அவர் மேலே, இரவு தங்குவதாக இருந்த மலைக்கிராமம்வரை போய், நான் பின்னால் இல்லை என்பதைப் பார்த்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் தனியாகத் திரும்பியிருக்கிறார். என் பெயரைக் கத்திக்கொண்டு வந்தார். நானும் கத்தினேன். பனியில் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று இருவருக்கும் பிடிபடவில்லை. ஒரு வழியாகப் பாறையடிக்கு வந்துசேர்ந்தபோது அரைக்கைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பற்கள் தந்தியடித்தன. நான் போர்வையை நீட்டினேன். அவர் கேனை நீட்டினார்.

"நீ எங்க போனே?"

"நீங்கதான் போயிட்டீங்க."

ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம். அவர் விரல்கள் மடங்கவில்லை. அதனால் நான்தான் டார்ச்சுக்குள் செல்லைப் போட்டேன். அந்த வெளிச்சத்தில் கிராமத்துக்குப் போனோம். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த நண்பர்களில் ஒருவர் என்னிடம், "லோடு ஃபுல்லா சாரே தூக்கிட்டு வராரு, உங்களுக்கு என்ன மேடம், லக்கி" என்றார். கணவர் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும் அவருக்குக் காய்ச்சல். கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னார்: "எல்லாத்தையும் நான் தூக்கினா உனக்கு ஈஸியா இருக்கும்னு நினைச்சேன்."

"ஈஸியாத்தான் இருந்துச்சு. தண்ணிதான் இல்ல."

சிரித்தார். இருமல் வந்துவிட்டது.

அடுத்த முறை கொல்லிமலைக்கு நான் மூட்டை கட்டினேன். எனக்கும் பெரிய பையாக ஒன்று தைத்து வாங்கியிருந்தேன். மொட்டை மாடியில் சாமான்களை இரண்டு குவியலாகப் பரப்பினேன். இரண்டிலும் தண்ணீர், சாப்பாடு, போர்வை, தீப்பெட்டி, செல் போட்ட டார்ச். "ரெண்டு டார்ச் எதுக்கு? வீண் வெயிட்டு" என்றார். நான் எதையும் குறைக்கவில்லை. துணி உலர்த்த வந்த வீட்டுக்கார அம்மா இரண்டு குவியலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ரெண்டு பேரும் வேற வேற ஊருக்கா போறீங்க?"

"இல்லக்கா, ஒரே ஊருக்குத்தான்."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பிறகு சில நாள் என்னிடம் தேவைக்குமேல் கரிசனமாகப் பேசினார்.

கொல்லிமலை ஏற்றத்தில் எனக்குத் தோள்பட்டை எரிந்தது. பையை வாங்கிக்கொள்ளட்டுமா என்று பாதி வழியில் கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அதன்பிறகு எந்த மலையிலும் அவர் அதைக் கேட்டதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் மகள் பிறக்கும்வரை, வருடத்துக்கு ஒருமுறையாவது எங்காவது போய்வந்தோம். அவர் வேகம் அவருக்கு, என் வேகம் எனக்கு. பாதை பிரியும் இடங்களில் மட்டும், முன்னால் போனவர் நின்று காத்திருப்பார்.