ஃப்ரிட்ஜின் நெற்றியில் மூன்று பொட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கையெழுத்தும் நன்றாக இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் என் வீட்டுக்காரரைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தின.

ராஜகீழ்ப்பாக்கம் மெயின் ரோட்டில் எங்கள் கடை. பழைய ஃப்ரிட்ஜ்களை வாங்கி, பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து விற்பார் அவர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். எந்த மோட்டாரையும் ஓட வைத்துவிடுவார், பேனாவைப் பிடித்தால் மட்டும் கை உதறும். அதனால் எல்லா ஃபாரத்தையும் நான்தான் எழுதுவேன். படித்துக்கூடப் பார்க்காமல் கீழே கையெழுத்துப் போடுவார். கடைக்கு இன்சூரன்ஸ் எடுக்க வைத்ததும் நான்தான்.

கட்டடம் பின்வீட்டு அக்காவுடையது. ஒரு காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் அவர்கள் வீட்டு நெல்வயல். வாடகை கேட்க வந்தால்கூட, கேட்காமல் முருங்கைக்காய் கொடுத்துவிட்டுப் போகிற மனுஷி. என் வீட்டுக்காரரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டாயிரத்து ஐந்து மழையில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது, வடிய மூன்று நாள் ஆனது. பதினோரு ஃப்ரிட்ஜும் காலி. அக்கா வீட்டிலும் அதே கதைதான். சீட்டு எடுத்து வாங்கிய ஃப்ரிட்ஜ்.

"இன்னா பண்றதும்மா, மோட்டாரு போச்சி" என்று அக்கா வாசலில் வந்து நின்றார்.

அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "உங்களோடதையும் நம்ம கடையில வச்சிடலாம்க்கா. பதினொண்ணோட பன்னெண்டு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"வாணாம்மா, வம்பாயிடப் போவுது."

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "இது சரியா வருமா?"

"நீங்க கம்முனு இருங்க" என்றேன். கம்மென்று இருந்தார். இன்சூரன்ஸ் ஃபாரத்தில் பன்னிரண்டு என்று எழுதினேன். எல்லாமே ஆறு மாதத்துக்கு முன்னால் வாங்கியது என்றும் எழுதினேன்.

இழப்பைப் பார்வையிட ஆபீஸிலிருந்து ஒரு சின்ன வயசுக்காரர் வந்தார். மரியாதையான பிள்ளை. பதினொன்றையும் பார்த்துவிட்டு, பன்னிரண்டாவதின் முன்னால் நின்றார். தண்ணீர் எட்டாத உயரத்தில், கதவின் நெற்றியில், சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்து, நிறம் மங்காத மூன்று பொட்டு.

"பாய், இது எப்ப வாங்கினீங்க?"

"ஆறு மாசமாச்சு சார்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"ஆயுத பூஜை போன மாசந்தானேம்மா வந்துச்சு. உங்க கடையில யாரு பொட்டு வச்சது?"

அந்த ஃப்ரிட்ஜின் சேற்றை இரண்டு தடவை நானே துடைத்திருந்தேன். இந்த ஊரில் நாங்கள் விலைக்கு வாங்குகிற ஃப்ரிட்ஜெல்லாம் பொட்டோடுதான் வரும். பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியவே இல்லை. ஆறு மாதமாகக் கடையில் இருந்ததாகச் சொன்ன பெட்டியில் புதுப்பொட்டு எப்படி வரும்? என் நீள வாயே மாட்டிவிட்டது.

ஒன்று பொய் என்றால் மொத்தமும் போய்விடும் என்பது அந்தப் பாலிசியிலேயே சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. நிஜமாகவே நனைந்த பதினொன்றுக்கும் காலணா வரவில்லை. அதோடு போலீஸில் புகார் வேறு. ஃபோர் ட்வென்டி என்று விளையாட்டாகத் திட்டுவோமே, அந்தச் செக்‌ஷனேதான்.

ஸ்டேஷனில் என் எழுத்தை மேஜைமேல் விரித்து வைத்து, "இது யாரு எழுதினது?" என்று கேட்டார்கள்.

"நான் சொல்லச் சொல்ல எழுதினா சார். அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அவர். "அந்தம்மா ரிப்பேருக்குக் குடுத்தது. நான்தான் லிஸ்ட்ல சேத்தேன்."

ஒரே மூச்சில் என்னையும் அக்காவையும் வெளியே தள்ளிவிட்டு, தான் மட்டும் உள்ளே நின்றுகொண்டார். படுபாவி மனுஷன். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபத்தையும் ஆசையையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா அவருக்கு ஃப்ரிட்ஜை விற்றது போலப் பழைய தேதியில் ஒரு ரசீது எழுதிக் கொடுத்தால் தப்பிக்கலாம் என்று வக்கீல் சொன்னார். எனக்குக் கை பரபரத்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, "ஒரு காகிதத்துக்கே இந்தப் பேஜாரு. இன்னொண்ணு வாணாம் சார்" என்றார்.

மூன்று வருஷம் வாய்தா. கடைசியில், செய்தது தப்புதான் என்று ஒத்துக்கொண்டார். அபராதம், கூடவே கோர்ட் கலையும்வரை சிறை. அதாவது, சாயங்காலம் நீதிபதி எழுந்து போகும்வரை கோர்ட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நானும் அக்காவும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அக்கா மடியில் அவருக்குக் கட்டி வந்த தயிர்சாதம், திறக்காமலே இருந்தது. "என் தம்பிய இப்புடிக் குந்த வச்சிட்டனே" என்று முந்தானையில் மூக்கைச் சிந்தினார். உட்கார வைத்தது அக்கா இல்லை, நான். ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் கீச்சிட்டுக்கொண்டிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் முதல் பேச்சு: "அந்த ஃபேன்ல பேரிங் போயிடுச்சி."

பஸ்ஸில் கேட்டேன். "என் பேர ஏங்க சொல்லல?"

"உன்ன யாரு சாயங்காலம் வரைக்கும் வாயத் தொறக்காம உக்கார வைக்கிறது?" என்றார். அழுதுகொண்டே அவர் தொடையில் கிள்ளினேன்.

அடுத்த வருஷம் மக்காவுக்கு உம்ரா போக ஆசைப்பட்டு பாஸ்போர்ட்டுக்கு எழுதினோம். ஒரு கேள்வியில் பேனா நின்றுவிட்டது. உரக்கப் படித்தேன்: கோர்ட்டில் தண்டனை பெற்றதுண்டா?

யாருக்குத் தெரியப்போகுது என்பது என் தொண்டைவரை வந்தது.

"ஆமான்னு எழுது" என்றார்.

அவர் பெயருக்குக் கீழே, என் அழகான கையெழுத்தில், ஆம் என்று எழுதினேன். ஃபாரத்தை அவர் பக்கம் தள்ளினேன். எப்போதும் போல, என்ன எழுதியிருக்கிறேன் என்று படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.