சின்ன மருமகனும் அவருடைய மடக்குச் சவலும்

கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது. "தம்பி போயிற்றார்" என்றார். "இந்த மழைக்குள்ளயா? இப்ப ஆரு கூப்பிட்ட?" என்று கேட்டேன். முதலில் வந்தது கோபம்தான். யாராவது கூப்பிட்டால் போதும், வான் வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவது அவர் வழக்கம். மறுமுனையில் அழுகை கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. ஆணிகள் தராசிலேயே கிடக்க, கடையைப் பூட்டாமல் ஓடினேன்.

வான் சாரதி சிவநேசன் அவர்கள் என் சகலன். என் மனைவியுடைய தங்கையின் கணவர். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்களுக்குத்தான். மணம் முடித்த ஆண்களே இடம் மாறி வருவோம். அப்படி வந்து, ஆரையம்பதியில் ஒரே வேலியின் இரு பக்கமும் நாங்கள் வாழ்ந்தோம். இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லி அவருடைய பிள்ளைகள் கேட்டபோது, "பொய் எழுத எனக்கு வராது" என்றேன். "உண்மையையே எழுதுங்க பெரியப்பா" என்றார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்மீது எனக்குப் பொறாமை. பொறாமை இருந்தது என்று எழுத வேண்டிய நிலைமை இன்னும் வரவில்லை.

நான் இந்தக் குடும்பத்துக்கு வந்தபோது மாமி என்னை மருமகன் என்றுதான் அழைத்தார். அவர் வந்த பிறகு நான் பெரிய மருமகன் ஆனேன். கேட்பதற்குப் பதவி உயர்வு போல இருக்கும். கூரை ஒழுகினால் பெரிய மருமகனிடம் சொல்வார்கள். சிரித்துக் கதைக்க வேண்டுமென்றால் சின்ன மருமகனிடம் போவார்கள். மாமி சாப்பிடுவது என் வீட்டில். சாப்பிட்டுக்கொண்டே கதைப்பது அவரைப் பற்றி.

ஒருமுறை வெளிநாட்டுத் தம்பதி ஒன்றைக் கல்குடாவுக்கு ஏற்றிச் சென்றவர், தோளில் ஒரு கன்வஸ் பையோடு திரும்பி வந்தார். பாரம் கூடிவிட்டதென்று அவர்கள் கொடுத்துவிட்டுப் போனார்களாம். நேராக என் இரும்புக்கடைக்கு வந்து, பையை அவிழ்த்து மேசையில் பரப்பினார். மண் அள்ளும் சவல்தான், ஆனால் மடங்கக்கூடியது. கழுத்தில் ஒரு திருகு. அதைத் தளர்த்தித் தகட்டை நிமிர்த்தினால் சவல். குறுக்காக மடித்து இறுக்கினால் மண்வெட்டி. தகட்டின் ஒரு விளிம்பில் வாள் போலப் பற்கள், மற்ற விளிம்பில் கோடரிக் கூர். பிடியைத் துண்டு துண்டாகக் கழற்றலாம். அதன் வயிற்றுக்குள் ஒரு சின்னக் கத்தி, ஒரு விசில், உரசினால் தீப்பொறி பறக்கும் ஒரு கம்பி.

சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாரும் என்னை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மண்வெட்டியும் சவலும் விற்றே தலை நரைத்தவன் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"இந்த விளையாட்டுச் சாமானால ஒரு வட்டைக்கு வரம்பு கட்டிக் காட்டுங்க பாப்பம் தம்பி" என்றேன்.

"வயலுக்கு உங்கட மண்வெட்டி இருக்கு அண்ணன். இது உங்கட கடை இல்லாத இடத்துக்கு" என்றார்.

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். விடாமல், பிடி கட்டை, முதுகு உடையும், திருகுக்குள் மண் போனால் இறுகிவிடும் என்று குற்றம் சொன்னேன். அவர் எதையும் மறுக்கவில்லை. "வேலைக்கு இது போதாதுதான் அண்ணன். தப்பிறத்துக்குக் காணும்" என்றார். அந்தப் பதிலைக்கூட என்னால் குறை சொல்ல முடியவில்லை.

அடுத்த மாரியில் வெல்லாவெளிக்கு ஒரு கலியாணத்துக்குப் போனோம். இரண்டு குடும்பமும் மாமியும் அவருடைய வானில். திரும்பி வரும்போது வீதியின் முன்னால் வெள்ளம். வானைத் திருப்பினால் பின்னாலும் வெள்ளம். மேடான ஒரு துண்டு வீதியில் நாங்கள் தீவாகிப்போனோம். அவர் இறங்கி, வானின் சில்லுகளைச் சுற்றி மண் கரையாதபடி வாய்க்கால் வெட்டினார். பல் விளிம்பால் மரக்கொப்புகளை அறுத்து, மழைக்கு மறைவாகத் தறப்பாளை இழுத்துக் கட்டினார். ஆண்கள் பார்த்துப் பாராட்டினோம். அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன்.

சொல்லாமல் கொள்ளாமல் அவர் பற்றைப் புதருக்குப் பின்னால் போனார். ஒரு சின்னக் குழி வெட்டி, சுற்றிவரக் கம்பு நட்டு, மிச்சத் தறப்பாளால் மறைத்துவிட்டு வந்து, தன் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். பெண்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். கடைசியாகப் போய்வந்த மாமியின் முகத்தைப் பார்த்தபோதுதான் அவர்கள் எவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் அவதிப்பட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு உறைத்தது.

மாமி அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் அதைச் சொன்னார். "பொம்பிளையள்ற கஷ்டம் அந்த மனிசனுக்குத்தான் விளங்கின கா. மத்தவரு ரேடியோவில வெள்ளச் செய்தி கேட்டுட்டு இருந்தாரு."

மத்தவர் நான்தான். என் மனைவி பக்கத்தில் இருந்தார். எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். "உண்மைதானே?" என்றார்.

பிந்தி வந்த ஒரு மாரியில், ஊறிப்போயிருந்த என் கடையின் பின்சுவர் மத்தியானத்தில் சரிந்தது. நான் உள்ளே சீமெந்து மூட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். சாமான் அடுக்கும் இரும்புத் தட்டு ஒன்று சாய்ந்து என் தலையைக் காப்பாற்றியது. இடுப்புக்குக் கீழே மண்ணும் கல்லும். ஓடிவந்தவர்கள் என் கடை மண்வெட்டிகளையும் அலவாங்குக் கம்பிகளையுமே தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆனால் வீசி வெட்ட அங்கே இடமில்லை. மேலே கைவைத்தால் மிச்சச் சுவரும் என்மேல் விழும். இருட்டில் கிடந்தபடி, ஆட்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அவருடைய குரல் மட்டும் நிலத்தோடு நிலமாகக் கேட்டது. சவலைக் குறுக்காக மடித்து இறுக்கிக்கொண்டு, வயிற்றால் ஊர்ந்து, மண்ணைச் சுரண்டித் தன் பக்கம் இழுத்தபடி வந்துகொண்டிருந்தார்.

"அண்ணன், கேக்குதா?"

"ஓம்."

"கதைச்சிட்டே இருங்க. சத்தம் வந்தாத்தான் எனக்குப் பக்கம் தெரியும். கண்ணை மூடிராதீங்க."

"என்னத்தக் கதைக்க?"

"என்னில உங்களுக்குக் கோவம்தானே? அதச் சொல்லுங்க."

சொன்னேன். சாகப்போகிறவனுக்கு என்ன வெட்கம்? கடையில் சனம் சிரித்ததைச் சொன்னேன். மாமியின் சாப்பாட்டு நேரக் கதைகளைச் சொன்னேன். என் மகன் வாகனம் ஓட்டப் பழகுவதற்கு என்னிடம் கேட்காமல் வேலியைத் தாண்டிப் போனதைச் சொன்னேன். பற்றைக்குப் பின்னால் வெட்டிய குழியையும் சொன்னேன். சுரண்டும் சத்தம் நிற்கவே இல்லை.

"மறுகா?" என்று அடுத்ததைக் கேட்டார்.

இன்னும் சொன்னேன்.

"மறுகா?"

சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. எல்லாம் முடிந்து நான் மூச்சு வாங்கியபோது, மிகப் பக்கத்திலிருந்து அவர் சொன்னார்:

"எனக்கும் உங்களில பொறாமைதான் அண்ணன்."

"என்னிலயா? என்னத்துக்கு?"

"நீங்க ஏலாதெண்டு சொன்னா ஒருத்தரும் கோவிக்கிறல்ல. எனக்கு அந்தச் சொல்லு வருதில்ல. காய்ச்சலோட கிடந்தாலும் கூப்பிட்டா எழும்ப வேணும். உங்களை எழுப்ப ஆக்களுக்குப் பயம்."

வாய் நிறைய மண்ணோடு சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவருடைய விரல்கள் என் முழங்காலில் பட்டன.

வெளியே எடுத்துப் படுக்கவைத்தபோது, "உள்ளுக்க என்ன அவ்வளவு கதை?" என்று யாரோ கேட்டார்கள். அவர் மண்ணைத் தட்டிக்கொண்டே, "அண்ணன் முருகனைக் கூப்பிட்டுட்டே இருந்தார்" என்றார். நான் சொன்னவற்றில் ஒரு சொல்லைக்கூட அவர் எவரிடமும் சொல்லவில்லை. தன் மனைவியிடமும் சொல்லவில்லை. மைத்துனியின் முகத்தைப் பார்த்தே எனக்கு அது தெரியும். நானாக இருந்திருந்தால் அன்று மாலையே சொல்லியிருப்பேன். பொறாமைப்பட எனக்கு இன்னொன்றும் சேர்ந்தது.

அதன் பிறகு எங்களுக்குள் ஒரு புதுப் பழக்கம் வந்தது. வேலியருகே என்னைக் கண்டால், "மறுகா?" என்பார். புதிதாக ஏதாவது இருந்தால் நான் சொல்வேன். கேட்டுவிட்டுச் சிரிப்பார். உறவுக்காரரோடு அவ்வளவு மனம் விட்டு நான் கதைத்ததே இல்லை.

இறப்பதற்கு முதல் நாளும் மழை. வெல்லாவெளிப் பக்கம் நெல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று சேற்றில் புதைந்துவிட்டதென்று அழைப்பு. காலையிலிருந்து நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது, வாய்வாக இருக்கும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தாராம். பையைத் தோளில் மாட்டுவதை வேலிக்கு இப்பால் நின்று கண்டேன். முகம் நல்லாயில்லை.

"ஏலாதெண்டு சொல்லுங்க தம்பி" என்றேன்.

நின்றார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பதுபோல, "ஏலாது" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"வருதில்ல அண்ணன்."

வானில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் கடைசியாகக் கதைத்தது அதுதான். அந்த நெல் கரையேறியது. இவர் மறுநாள் விடியப் பாயிலிருந்து எழும்பவில்லை; நான் கடைக்குப் போன பிறகுதான் வீட்டில் அதைக் கண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் வைத்தியர்கள் தங்களால் முடிந்ததெல்லாம் செய்தார்கள்.

இறுதி ஊர்வலத்துக்குக் காத்தான்குடி வியாபாரிகள் கடைகளைப் பூட்டிவிட்டு வந்தார்கள். கல்குடாவில் விடுதிகளில் வேலை செய்பவர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். வெல்லாவெளி விவசாயிகள் சேற்றுக் காலோடு நின்றார்கள். என் சாவுக்கு இதில் பாதிச் சனம் வருமா என்று நான் எண்ணிப் பார்த்தேன். பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டேதான் எண்ணினேன். வாவிக்கரை வீதியில் ஊர்வலம் திரும்பியபோது, தண்ணீரில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் தோணிகளில் எழுந்து நின்று தலைத்துண்டை அவிழ்த்தார்கள். தோணி ஆட ஆட, நாங்கள் கடந்து முடியும்வரை அப்படியே நின்றார்கள்.

அவருடைய கைத்தொலைபேசி இப்போது என்னிடம் இருக்கிறது. மைத்துனியால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. செய்தி அறியாதவர்கள் இன்னும் அழைக்கிறார்கள். மணலில் சில்லு புதைந்தவர்கள், மரம் விழுந்து வழி மறித்தவர்கள், சும்மா சுகம் கேட்பவர்கள். ஒவ்வொருவருக்கும் நானே சொல்கிறேன். ஒவ்வொருவரும் அழுகிறார்கள். அவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்த நானே அவர்களைத் தேற்றுகிறேன். நேற்று ஒரு வயதான அம்மா அழுது முடித்து, "நீங்க ஆரு மனே?" என்று கேட்டார். சகலன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"அவர்ட அண்ணன்" என்றேன்.

தம்பி, போய் வாருங்கள். அந்த அம்மாவின் வீட்டுக்கு முன்னால் மரம் விழுந்து கிடக்கிறதாம். வாறன் என்று சொல்லிவிட்டேன்.