சுண்ணாம்புக் கோடும் நடுவர் தீர்ப்பும்

இன்று கைப்பேசியிலேயே உலகத்து விளையாட்டெல்லாம் கிடைக்கிறது. ஆயினும் எங்கள் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் ஞாயிறுதோறும் நேரலையாக வந்த பவுலிங் போட்டிக்கு நிகரான ஒன்றை நான் கண்டதில்லை. விழுப்புரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடமே களம். தச்சர் கடைந்த பத்து மரக்கட்டைகள், கனத்த ரப்பர் பந்து, தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு. கோட்டை மிதிக்காமல் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால் என்னை நடுவராக அமர்த்தினார்கள். என் தீர்ப்பை எவரும் மறுத்ததில்லை. அதில் எனக்குப் பெருமிதம் இருந்ததை மறைப்பதற்கில்லை.

ஓர் இறுதிப் போட்டியில் திண்டிவனத்துத் தையற்காரரும் கெடாரிலிருந்து வந்த விவசாயப் பெண்மணியும் மோதினார்கள். கடைசி உருட்டல் அந்த அம்மையாருடையது. பத்தும் விழுந்தால்தான் முதல் பரிசான மிக்ஸி அவருக்கு. வெறுங்காலோடு வந்து, அவசரமே இல்லாமல் குனிந்து உருட்டினார். பத்தும் விழுந்தன. நான் கையை உயர்த்தி வெற்றியை அறிவித்தேன்.

"சார், இருங்க. என் காலு கோட்டுல பட்டுச்சுங்க" என்றார் அவர்.

தொகுப்பாளர் பதறினார். "அக்கா, சாரே சரின்னுட்டாரு. ஜல்தியா மிக்ஸிய வாங்கிக்கினு போங்க!"

உண்மையில் நான் அவர் காலைப் பார்க்கவே இல்லை. கட்டைகள் விழும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இரண்டு ஊர்களும் பார்த்துக்கொண்டிருந்தன. "படவில்லை அம்மா, நான் கவனித்தேன்" என்றேன். என் பணிக்காலம் முழுவதிலும் அப்படி ஒரு பொய்யை நான் சொன்னதில்லை.

அவர் காலைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. "ஊரே டிவி பாத்துக்கினு இருக்குதுங்க. நாளைக்கு மல்லாட்டைச் செடி புடுங்கப் போனா, ஏமாத்தி ஜெயிச்சவள்னு சொல்லிக் காட்டுவாளுங்க. எனக்கு வேணாம் சார்."

அவருக்கு இருந்த அதே கவலைதான் எனக்கும். ஆனால் தன் பெயரை அவர் காத்துக்கொண்ட விதம் நான் காத்துக்கொண்ட விதத்தைவிட மேலானது. ஒலிபெருக்கியை வாங்கி, "நான் கவனிக்கவில்லை, கவனித்ததாகச் சொன்னதும் தவறு. இந்த உருட்டல் செல்லாது" என்றேன். தையற்காரர்தான் முதலில் குரல் கொடுத்தார்: "சாருக்கு ஒரு சேர் போடுங்கப்பா, பாவம் வேர்க்குது!" அம்மையாரும் சேர்ந்து சிரித்தார். மிக்ஸி திண்டிவனம் போயிற்று.

நிகழ்ச்சி நிறுத்தப்படும்வரை நானே நடுவராக இருந்தேன். ஆனால் அன்றுமுதல் கட்டைகளின் பக்கம் நான் திரும்பியதே இல்லை. குனிந்தபடி ஆட்டக்காரர்களின் கால்களையே பார்த்திருந்தேன். எத்தனை விழுந்தன என்பதைக் கூட்டத்தின் கூச்சலைக் கேட்டே அறிந்துகொண்டேன்.