கை வைத்தால் வளையாத மரம்

இந்த ஊரில் பழைய பேப்பர் வாங்க வருகிறவர் கூவுவதில்லை. லாரியின் தலையில் ஓர் ஒலிபெருக்கி. அதில் என்றோ பதிந்துவைத்த பெண்குரல் "சூராட் காபார் லாமா, சூராட் காபார் லாமா" என்று உலு திராமின் சந்துபொந்தெல்லாம் சலிக்காமல் போய்வரும். ஓட்டுகிறவர் வாயே திறப்பதில்லை. வந்த புதிதில் எனக்கு அது வேடிக்கை. இப்போது லாரி வந்தால் சன்னலைச் சாத்திவிடுகிறேன். என் வீட்டில் ஒரு வாய் இருக்கிறது. அதன் குரல் எந்தத் தெருவில் சுற்றுகிறதோ, தெரியவில்லை.

போன தீபாவளிக்குச் சற்று முன்னால் என் கணவர் சேகருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு. சொல்வதெல்லாம் புரிகிறது, பதில் வருவதில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்தக் கனம் புரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். மன்னார்குடியிலிருந்து நான் இந்த மலாய் நாட்டுக்குக் கடல் கடந்தது வீடு வாசலைப் பார்த்து அல்ல. பெண் பார்க்கும் பேச்சின்போது வந்த முதல் போன் அழைப்பில், என்ன கேட்பதென்று தெரியாமல், "பாடுவீங்களாமே?" என்றேன். லாயாங் லாயாங் கோயிலில் பஜனைக்கு முன்பாட்டு அவர்தான். தொண்டையைக்கூடச் செருமாமல் பாடினார். இரைச்சலுக்கு நடுவே ஈரமாய் வந்த அந்தக் குரலை நம்பித்தான் விமானம் ஏறினேன். ஒரு குரலுக்கு வாழ்க்கைப்பட்டவளை அந்தக் குரல் இன்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

போன சொற்கள் சிலருக்குப் பாட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும் என்று பேச்சுப் பயிற்சி தருகிற பெண் சொன்னாள். போனில் சுருதி போட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிஸ்கட் டின்னில் ஒரு கட்டையைச் செருகி, கித்தார் கம்பி இரண்டைக் கட்டி மீட்டியபோது மட்டும் இடது கையை நீட்டிக் கட்டையைப் பற்றினார். அதிர்வு உள்ளங்கையில் ஏற, கண்ணை மூடி முனகினார். அது சுருதியில் நின்றது.

நாத்தனார் பரமேஸ்வரி சாப்பாட்டுக் கேரியரோடு வந்து சிரித்தாள். "என்னா அண்ணி, ஆசாரி வேலைக்குக் கெளம்பிட்டீங்களா? பக்கத்து ஃபேக்டரியில ஆள் எடுக்குறாங்க லா, போறீங்களா?"

அவள் சிரித்ததிலும் நியாயம் இருந்தது. அந்தக் கட்டை நாற்காலித் தொழிற்சாலை ஒதுக்கிய ரப்பர் மரம். மாமனாரும் மாமியாரும் எஸ்டேட்டில் வாழ்நாளெல்லாம் பால் வெட்டிய மரம்தான். ஆனால் மெல்லிய பட்டை. கம்பியை முறுக்கினால் வில்லாய் வளைந்தது. அவர் கையின் பாரம் விழுந்தால் இன்னும் வளைந்து, கம்பி தளர்ந்து, சுருதி சரிந்தது. அதைப் பிடித்து நடந்த முனகலும் கூடவே இறங்கி, படி தவறினாற்போல் நின்றுவிடும். பிறகு என்னைப் பார்ப்பார், தப்பு தன்னுடையது என்பதைப்போல. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களில் இடித்த பழைய வீடுகளின் மரத்தை விற்கும் தவ்கேயிடம், சீனக் கடை முதலாளியிடம், போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், என் கணவருக்காக என்றேன். இவ்வளவு நீளம் என்று கையை விரித்தேன். கெட்டியாக, என்றைக்கும் வளையாமல் இருக்க வேண்டும் என்றேன். அந்தப் பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு தூணிலிருந்து தானே அறுத்து, ஒரு முனையை உருட்டி இழைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். காசைத் தள்ளிவிட்டு, "எந்த குபூர்?" என்றார்.

குபூர் என்றால் இடுகாடு. என் கணவர் இறந்துவிட்டதாக நினைத்து, இங்கே புதைத்த இடத்தின் தலைமாட்டில் நடுகிற கட்டையைச் செய்து கொடுத்திருந்தார்.

"பெலும்" என்றேன் அவசரமாக. இன்னும் இல்லை. சாகவில்லை என்று சொல்லியிருக்கலாம். கையில் இருந்த மலாய் அவ்வளவுதான். வழியெல்லாம் அந்த 'இன்னும்' என் கூடவே நடந்து வந்தது.

வீட்டில் அரம் போட்டு அந்த உருட்டலைத் தேய்த்தேன். பட்டையாய்ப் படுத்த ஸ்கேல் வளையும், விளிம்பில் நிறுத்தினால் வளையாது. அப்படியே கட்டையைக் குறுகிய பக்கம் மேலே வர நிறுத்தி, டின்னின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஊடுருவவிட்டேன். கம்பியை முறுக்கினேன். அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பரமேஸ்வரியும் இருந்தாள். அவர் கையை வைத்தார். முழுப் பாரத்தையும் வைத்தார். சுருதி நின்றது. எனக்காகப் போனில் பாடியதை நான் மெல்ல எடுத்துக்கொடுத்தேன். அவர் உதடு அதன் பின்னால் வரவில்லை. வேறெங்கோ திரும்பியது. முனகல் துள்ளியது, அதற்குள் ஒரு சொல் முளைத்தது, பிறகு இன்னொன்று. மலாய்ச் சொற்கள்.

"அலமாக்! அண்ணே!" பரமேஸ்வரி கரண்டியோடு ஓடி வந்தாள். "அண்ணி, இது ஸ்கூல் பாட்டு! சின்னதுல கைதட்டி ஆடுவோம்!" தரையில் உட்கார்ந்து கையைத் தட்டியபடி அவளும் பாடினாள், கண்ணீர் வாய்க்குள் போக. அண்ணனும் தங்கையும் நான் பார்த்தேயிராத ஒரு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது. எதற்குக் கைதட்ட வேண்டும் என்றும் தெரியாது. விரல் எரிந்து ஒருமுறை மீட்டலை விட்டேன். உடனே அவர் சொல் தடுமாறியது. மறுபடி மீட்டினேன். அது மீண்டும் ஓடியது, என்னை விட்டு விலகி, என் கம்பியைப் பிடித்துக்கொண்டு.